உப்பு லாரியின் சேசிஸ் துரு: பழுது பார்ப்பதிலிருந்து எஃப்.சி. வாங்குவது வரை

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் லோடு ஏற்றும் லாரிக்கும், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுடன் நிற்கும் வண்டிக்கும் ஒரே நோய்தான் வருகிறது. எஞ்சின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கத் தயாராக இருக்கும். அதைத் தாங்கும் சேசிஸ் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். மழை நீர் வடிந்துவிடும், வெயிலில் காய்ந்தும்விடும். உப்பு அப்படிப் போவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் பல இரவுகளில் இந்த அளவு எளிதாகத் தாண்டிவிடுகிறது. மழையே இல்லாத மாதத்திலும் உப்பு படிந்த சேசிஸ் இரவு முழுவதும் ஈரமாகவே நிற்கிறது என்பது இதன் பொருள்.

தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, இரண்டு நாள் முன்பு துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ட்டையோ தாரையோ பூசி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். விரிசலையும் மறைத்துவிடும். அடுத்த ஆண்டு அதைச் சுரண்டும்போது, பழுது பார்த்திருக்கக்கூடிய இடம் ஓட்டையாகியிருக்கும். சேசிஸ் துருவை அழகுப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது, வலிமைப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுக்குச் செல்லும்; எட்டு ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். காலாவதி தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால்தான் கீழே சொல்லும் எதையும் நிதானமாகச் செய்ய முடியும்.

எந்த இடத்துத் துரு ஆபத்தானது?

லாரியின் சேசிஸ் என்பது இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி. நீளச் சட்டம் ‘சி’ வடிவச் சேனல்: மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, நடுவில் நிமிர்ந்த சுவர். பாரம் ஏறியதும் சட்டம் வளையப் பார்க்கும். அந்த வளைவைத் தாங்குபவை மேல், கீழ் மடிப்புகள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் பாரம் அழுத்தும்போது கீழ் மடிப்பு இழுபடும், மேல் மடிப்பு நெரிபடும். பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியில் இது தலைகீழாகும்; அங்கே மேல் மடிப்பு இழுபடும்.

துருவை எடைபோட இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நடுச்சுவரின் மையத்தில் சிறு காசு அளவு ஓட்டை இருந்தால் அது கவலைக்குரியது, ஆனால் சரிசெய்யக்கூடியது. கீழ் மடிப்பின் விளிம்பில் நகம் அளவுக்கு அரித்திருந்தால் அது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. விரிசல் பிறப்பது இழுபடும் விளிம்பில்தான். பார்வைக்குப் பெரிய ஓட்டை எது என்று தேடாமல், எந்த மடிப்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

சோதிப்பது எப்படி?

முதலில் கழுவ வேண்டும். லோடை இறக்கி, தார்ப்பாயையும் கருவிப் பெட்டியையும் எடுத்துவிட்டு, அழுத்தம் மிகுந்த நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கடலோர ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர் வேண்டாம். சேனலின் உட்பக்கம்தான் முக்கியம்: கீழ் மடிப்பு ஒரு சிறு வாய்க்கால் போல இருப்பதால் மண், உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அங்கேதான் தங்கும்.

காய்ந்த பிறகு அரைக்கிலோ சுத்தியலால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். மெலிந்த இடத்தில் ஓசை மந்தமாகும், செதில் கொட்டும். அடிக்கும்போது ஓட்டை விழுந்தால் வருந்த வேண்டாம். அது சாலையில் விழாமல் பட்டறையில் விழுந்தது நல்லது.

தேட வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் பிராக்கெட்டுகளும் ஷேக்கிள் பிராக்கெட்டுகளும் சட்டத்தோடு சேரும் இடம். குறுக்குச் சட்டங்களின் முனைகள். பேட்டரிப் பெட்டிக்கும் காற்றுத் தொட்டிக்கும் பின்னால். பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியானால் யூரியாத் தொட்டியைச் சுற்றி. அங்கே வெள்ளைப் படிகம் படிந்திருந்தால் கசிவு என்று பொருள். பின்புற வால் பகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைத்த மரக்கட்டையின் அடிப்பக்கம். அந்தக் கட்டை உப்பு நீரைக் குடித்து, மாதக்கணக்கில் மேல் மடிப்பின் மீது ஈரத்துணி போலக் கிடக்கும். பாடியைத் தூக்காமல் அதைப் பார்க்க முடியாது. எட்டு ஆண்டு உப்பு ஓடிய வண்டிக்கு ஒருமுறையாவது பாடியைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரிவிட்டுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ரிவிட் தலையிலிருந்து செம்பழுப்பு நீர்த்தடம் கீழே ஒழுகியிருந்தால் உள்ளே அசைவு இருக்கிறது. ஒரு பக்கத் தலையில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுத்தியலால் தட்டினால், தளர்ந்த ரிவிட்டின் துடிப்பு விரலில் தெரியும். இரண்டு தகடுகள் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விரிந்து, நடுவே அடுக்கடுக்காகத் துரு புடைத்திருந்தால் அது மிக மோசமான வகை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த விசையில் தடித்த தகடும் வளையும், ரிவிட்டும் அறுந்துவிடும். வெளியிலிருந்து சுரண்டி இதைச் சரிசெய்ய முடியாது. தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும்.

சந்தேகமான இடத்தைக் கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, விரிசல் காட்டும் சாயத்தைப் பூசுங்கள். சிவப்புச் சாயத்தைத் துடைத்த பின் வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். மூன்று டப்பா கொண்ட அந்தச் சாயத் தொகுப்பு வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கிறது. தகட்டின் தடிமனை மீயொலித் தடிமன் மானியால் அளக்கலாம். இல்லையென்றால் விளிம்புகளில் வெர்னியர் காலிப்பரால் அளந்து, துரு ஏறாத இடத்து அளவோடு ஒப்பிடுங்கள். அளவுகளைச் சட்டத்தின் மீதே சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

சரிசெய்வதா, கைவிடுவதா?

பழுது பார்க்கும் வேலையில் கடினமான கட்டம் இதுதான். நான் பின்பற்றும் அளவுகோல் எளியது. தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைந்திருந்து, விரிசலும் இல்லையென்றால் சுத்தம் செய்து பூச்சு போதும். அதற்கு மேல் மெலிந்து, மெலிவு ஓர் இடத்தோடு நின்றிருந்தால் வலுவூட்டும் தகடு. குறுக்குச் சட்டம் கெட்டிருந்தால் ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றுவது. நிறுவனத்தின் அசல் உதிரிபாகம் கிடைக்கும், விலையும் வெல்டிங் கூலியோடு ஒப்பிட்டால் மிகையல்ல. இரண்டு நீளச் சட்டங்களிலும் பல இடங்களில் மடிப்பு மெலிந்திருந்தாலோ, ஸ்டியரிங் பெட்டியும் முன் ஸ்பிரிங்கும் பொருந்தும் இடம் அரித்திருந்தாலோ ஒட்டுவேலை வேண்டாம். சட்டத்தையே மாற்றுங்கள், அல்லது வண்டியை அரசிடம் பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் பெட்டி பிய்ந்துகொண்டால் ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது.

சட்டத்தையே மாற்றுவதென்றால் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சேசிஸ் எண் பொறித்திருப்பது பெரும்பாலும் வலப்பக்கச் சட்டத்தில், முன்சக்கரத்துக்கு அருகில். அந்தச் சட்டம் மாறினால் வண்டியின் அடையாளமே மாறுகிறது. முதலில் வேலை, பிறகு அனுமதி என்று போனால் ஆவணச் சிக்கலில் வண்டி மாதக்கணக்கில் நிற்கும்.

பட்டறை வேலை

சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சட்டத்தின் நீளம் முழுவதும் பல இடங்களில் தாங்கு கொடுங்கள். சட்டம் தொங்கிய நிலையில் தகடு பிடித்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது.

டீசல் தொட்டியைக் கழற்றி வெளியே வையுங்கள். நைலான் காற்றுக் குழாய்களையும் வயரிங்கையும் வேலை நடக்கும் இடத்திலிருந்து விலக்குங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, ஆல்டர்னேட்டரையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் இணைப்பிலிருந்து பிரியுங்கள், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் இதை விட்டால் வெல்டிங் மின்னோட்டம் அந்தப் பெட்டிகளை எரித்துவிடும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். மின்னோட்டம் ஸ்பிரிங் வழியாகவோ சக்கர பேரிங் வழியாகவோ போகும்படி விடாதீர்கள். பின் பிரேக் சேம்பரை அகற்ற நேர்ந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அதற்குரிய போல்ட்டால் பூட்டிய பிறகே தொடுங்கள். அது உயிரைப் பறிக்கும் விசை கொண்டது.

வலுவூட்டும் தகடு சட்டத்தின் அதே வகை எஃகாக, ஏறத்தாழ அதே தடிமனில் இருக்க வேண்டும். தடித்த தகடு போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நடப்பது வேறு: மிகக் கெட்டியான பகுதி முடியும் இடத்தில் சட்டம் திடீரென்று நெகிழும், அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் வரும். இதே காரணத்தால் தகட்டின் இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டாமல் 45 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வெட்டுங்கள். துரு முடியும் இடத்தோடு தகட்டை நிறுத்தாமல், இரு பக்கமும் நல்ல இரும்பின் மீது தாராளமாக நீட்டுங்கள்.

தகட்டை நடுச்சுவரில் போல்ட் போட்டுப் பிடிப்பதே சிறந்தது. இயன்றவரை ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். மடிப்புகளில் புதுத் துளை போடவே கூடாது. கேஸ் கட்டரால் துளை எரிப்பதும் கூடாது. டிரில்லால் போட்டு, விளிம்பைப் பிசிறு நீக்கி விடுங்கள். பழைய ரிவிட்டின் தலையைத் தேய்த்து, மையத்தில் டிரில் செய்து வெளியே தட்டி எடுத்துவிட்டு, அங்கே துளைக்கு ஆட்டமின்றிப் பொருந்தும் 10.9 தர (உயர் வலிமை) போல்ட்டும் லாக் நட்டும் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பூட்டுவதற்கு முன் இரண்டு முகங்களையும் வெள்ளை இரும்பாக்கி மெல்லிய துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் பெயின்ட் நசுங்கி போல்ட் தளரும்.

விரிசலை வெல்டு செய்யும் நிலை வந்தால், முதலில் அதன் முனையைச் சாயத்தால் கண்டுபிடித்து, அங்கே சிறு துளை போட்டு, விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு விரிசலின் நீளத்துக்கு ‘வி’ வடிவில் தோண்டி, 7018 வகைக் குறை ஹைட்ரஜன் ராடால் நிரப்புங்கள். டப்பா திறந்து பல நாள் கிடந்த ராடு ஈரம் இழுத்திருக்கும். அடுப்பில் காய வைத்தே பயன்படுத்த வேண்டும். கடலோரப் பட்டறைகளில் இதைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு, அதனாலேயே அங்கே போட்ட வெல்டுகள் பல மீண்டும் பிளக்கின்றன. சிறு சிறு நீளமாக வெல்டு செய்து இடையில் ஆற விடுங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள். எஃகு இறுகி நொறுங்கும் தன்மை பெறும். வளைந்த சட்டத்தைக் கேஸ் தீயால் காய்ச்சி நிமிர்த்துவதும் எஃகின் வலிமையைக் கெடுக்கும். வெல்டை மட்டத்துக்குத் தேய்த்து, மீண்டும் சாயம் பூசிச் சோதித்து, அதன் பிறகே மேலே தகடு.

பூட்டி முடித்ததும் சதுரம் பார்க்க வேண்டும். முன், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுகளின் ஒரே புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் குறி போட்டு, மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எந்தக் குறுக்குச் சட்டம் இழுத்திருக்கிறது என்று தேடித் திருத்துங்கள். இதைச் செய்யாத வண்டி சாலையில் சாய்ந்தே ஓடும், டயரைத் தின்னும்.

பூச்சு

பெயின்ட்டின் ஆயுள் அடியில் இருக்கும் உப்பைப் பொறுத்தது. குழிகளுக்குள் உப்பு இருக்க, மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் எழும். ஆகவே வரிசை இது: கழுவு, காய வை, மணல் வீச்சு அடி, மீண்டும் நல்ல தண்ணீரால் கழுவு, சூடான காற்றால் உடனே காய வை. காய்ந்த இரும்பில் புள்ளி புள்ளியாகக் கருமையோ பழுப்போ திரும்ப வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

சுத்தமான இரும்பின் மீது அன்றைக்கே துத்தநாகம் மிகுந்த எபாக்சி பிரைமரை அடிக்க வேண்டும். விளிம்பு, போல்ட் தலை, மூலை ஆகியவற்றுக்குப் பிரஷால் தனியாக ஒரு கோட், ஏனெனில் ஸ்பிரே பெயின்ட் விளிம்பில் நிற்காது. அதன் மேல் எபாக்சி, கடைசியில் பாலியூரிதேன். எல்லாம் சேர்ந்து 200 முதல் 250 மைக்ரான் தடிமன் போதும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள். கடலோரத்தில் பெயின்ட் வேலைக்கு ஏற்றது காலை பத்து மணிக்கு மேல், மாலை நான்குக்குள். மேல் பூச்சுக்கு வெளிர் சாம்பல் நிறத்தையே பரிந்துரைப்பேன். கறுப்பில் மறையும் விரிசலும் துருவும் சாம்பலில் முதல் நாளே கண்ணில் படும். வெறும் ரெட் ஆக்சைடு உப்பு வண்டிக்குப் போதாது.

வடிகால் துளைகளை பெயின்ட்டும் மாஸ்டிக்கும் அடைத்துவிடாமல் பாருங்கள். பாடியைத் திரும்ப ஏற்றும்போது பழைய மரக்கட்டையை மாற்றுங்கள். யு போல்ட் இறுக்கும் இடங்களில் சேனலுக்குள் தாங்கு கட்டை வையுங்கள். இல்லையென்றால் இறுக்கத்தில் மடிப்பு உள்வாங்கி, புது பூச்சு அங்கேயே வெடிக்கும்.

எஃப்.சி. நாள்

லோடுடன் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, எல்லா போல்ட்டுகளையும் மறுபடி டார்க் பார்த்த பிறகே எஃப்.சி.க்குப் போங்கள். புது போல்ட் முதல் லோடில் சற்றே அமர்ந்துகொள்வது வழக்கம்.

ஆய்வில் முதலில் பார்ப்பது சேசிஸ் எண். கடலோர வண்டிகள் பலவற்றில் அந்த எண்ணே துருவில் கரைந்துகொண்டிருக்கும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கிரைண்டரோ உப்புத்தாளோ அருகில் வரக் கூடாது. எழுத்து படிக்கும்படி இருந்தால் பென்சில் அச்சு எடுத்துவிட்டு மெல்லிய கிரீஸ் தடவி வையுங்கள். படிக்க முடியவில்லையென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதியோடு மறுபடி பொறிக்க வேண்டும். பட்டறையில் தாமாகப் பஞ்ச் அடித்த எண் திருட்டு வண்டி என்ற சந்தேகத்தையே கிளப்பும்.

சேசிஸோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொன்று, பின்புறமும் பக்கங்களிலும் உள்ள பாதுகாப்புத் தடுப்புகள். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகாமல் தடுப்பது அந்தப் பின் தடுப்புக் கம்பிதான். அதைப் பிடித்திருக்கும் வால் பகுதியே துருப்பிடித்திருந்தால் மோதலில் கம்பி கழன்று போகும். ஆய்வாளர் உலுக்கிப் பார்ப்பதற்கு முன் நீங்களே உலுக்கிப் பாருங்கள். ஒளிரும் பட்டைகள் முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பிரேக், முகப்பு விளக்கின் கோணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, புகைச் சான்று, காப்பீடு, வரி, நிலுவை அபராதம் ஆகியவை எல்லா வண்டிகளுக்கும் பொது. தானியங்கிச் சோதனை நிலையம் செயல்படும் இடங்களில் பிரேக்கை உருளைகளின் மீது கருவி அளக்கும். இடம், வலம் சமமாகப் பிடிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். உப்பு வண்டியில் காற்றுத் தொட்டியின் அடிப்பாகமும் இரும்புக் குழாய்களும் சேசிஸுக்கு முன்பே துருப்பிடிக்கும்.

பழுதுக்கு முந்திய படங்கள், சாக்பீஸ் அளவுகள், எஃகு வாங்கிய பில், பட்டறை ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். தகடு வைத்த இடத்தை ஆய்வாளரிடம் நீங்களே காட்டுங்கள். மறைக்கப்பட்டதாகத் தோன்றும் தகடு கேள்வியை எழுப்பும். படத்தோடும் ரசீதோடும் காட்டிய தகட்டைப் பற்றிப் பேசலாம்.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 56ஆம் பிரிவு, மறுப்புக்கான காரணங்களை உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்கிறது. பெரும்பாலும் சொன்ன குறையைச் சரிசெய்து மறு ஆய்வுக்குப் போவதே விரைவான வழி. மறுப்பு நியாயமற்றது என்று கருதினால் ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

சான்று கிடைத்த மறுநாளே உப்பு லோடு தொடங்கிவிடும். ஒவ்வொரு லோடு இறக்கிய பின்பும் சேனலின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதை ஓட்டுநர், கிளீனர் தினப்படியோடு சேர்த்து ஒரு வேலையாகவே வைத்துவிடுங்கள். ஏற்றும்போது தளத்தில் தடித்த பாலித்தீன் விரித்து, உப்பு நீர் ஒரே பக்கமாகக் குழாய் வழியே சேசிஸைத் தாண்டி வெளியே விழும்படி வடிகால் அமையுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும், அடுத்த எஃப்.சி.க்குக் காத்திராமல், சுத்தியலையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போய்ப் பாருங்கள்.